வாளி மழை

படத்தில் பெய்தது வாளித் தண்ணீர்.
மொட்டைமாடிச் சுவரில் ஏறி நின்று
பெரியநாயகி ஊற்ற,
கொடியில் கிடந்த என் ஒரே நல்ல சட்டையின் தோளில்
நீலக் கிளிப் கூவியது.
கைப்பேசியும் கூவியது.
முதல் தடவையிலேயே.
அதுதான் வினை.

மஞ்சக்குப்பத்தில் வாடகை அறை,
ஒரு சால்டரிங் அயர்ன், இரண்டு பேர்.
"மழை வருமுன் துணி எடுங்கள்" என்று
ஒன்றரை நிமிடப் படம்.
முப்பத்தெட்டு நாளில்
ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பேர்
இன்னும் பிறக்காத பொருளுக்கு
ஆளுக்கு எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது கட்டினார்கள்.
அன்றிரவு வஞ்சிரம் வறுத்தோம்.
விற்றுவிட்டோம் என்று நினைத்தோம்.
வாங்கியிருந்தது கடன்.

ஒன்று செய்ய இரண்டு கை போதும்.
ஆயிரம் செய்வது வேறு ஊர்.
அந்த ஊருக்கு வழி கேட்டு
முள்ளோடை தாண்டிச் சேதராப்பட்டு போனோம்.
அச்சுப் பட்டறை அந்துவான்
எங்கள் மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"உள்ள வளைச்சிருக்கீங்களே இந்த மூலை,
இது எப்படிங்க அச்ச விட்டு வெளிய வரும்?"

மூலையை மழித்தோம்; பேட்டரிக்கு இடமில்லை.
பேட்டரியைப் பெரிதாக்கினோம்;
கிளிப் கனத்து, ஈரத்துண்டோடு சரிந்து விழுந்தது.
அச்சுக்கே நாலரை லட்சம்.
முதல் அச்சு பிளந்தது. அதற்கும் நாங்கள்தான்.
விலையை முதலில் எழுதிவிட்டு
செலவை அப்புறம் படித்தவர்கள் நாங்கள்.

முதல் இருநூறு போய்ச் சேர்ந்தபோது மார்கழி.
விடியற்காலை ஐந்து மணி,
மேகமே இல்லாத வானம்,
எல்லா ஊரிலும் சேர்ந்து அலறின.
பனி.
பனியும் தண்ணீர்தானே என்றது கருவி,
அதன் நியாயம் அதற்கு.
தேவனாம்பட்டினத்தில் கட்டிப் பார்த்த பத்தோ
உப்புக் காற்றில் பச்சை பூத்து
அடைமழையில் வாய் திறக்கவில்லை.
எங்கள் வாளியில் உப்பும் இல்லை, பனியும் இல்லை.
ஒரு சட்டை, ஒரு மாலை, அவ்வளவு.

பெரியநாயகி எல்லோருக்கும் பதில் எழுதினாள்.
முதலில் பெயர் சொல்லி,
பிறகு "அன்பு நண்பர்களே" என்று,
பிறகு நான் எழுதினேன்.
அவள் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.
மாதம் பிறந்தால்
ஏழெட்டுப் பேருக்குப் பணம் திருப்புவாள், சொல்லாமல்.

நேற்று ஒருவர் கதவைத் தட்டினார்.
நெய்வேலி, அறவாழி,
வரிசை எண் இருநூற்றுப் பன்னிரண்டு.
திட்டுவார் என்று தண்ணீர் எடுத்து வைத்தேன்.
குடித்தார்.
மேசையில் கிடந்த பச்சைப் பலகை ஒன்றை
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து,
"இது அதிருமா, கூவ மட்டும் செய்யுமா?" என்றார்.
"என் சம்சாரத்துக்குக் காது கேக்காது.
பின்கட்டுல இருந்தா மழை பெய்றதே தெரியாது.
அப்பவே எழுதிக் கேட்டிருந்தேனே."

கேட்டிருந்தார்.
"அடுத்த பதிப்பில் நிச்சயம்" என்று
சிரிக்கும் முகம் ஒன்றையும் போட்டு
பதில் எழுதியது நான்தான்.
ஆயிரத்துச் சொச்சம் பேரில்
எதற்கு வேண்டும் என்று சொன்னவர் இவர்;
மற்ற யாரையும் நாங்கள் கேட்கவே இல்லை.
அவர்களும் படத்தைத்தான் வாங்கினார்களோ என்னவோ.

பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.
எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டார்.
"பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம் திரும்பணும்?"

அவர் தெருமுனை தாண்டும்போது தூறல்.
ஜன்னலோரம் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிக்குள்
அறுநூற்று நாற்பது கிளிப்பில்
ஒன்றே ஒன்று கூவத் தொடங்கியது.
எதுவென்று தெரியவில்லை.
ஒவ்வொன்றாக எடுத்து
காதில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
மாடியில் என் துணி நனைய.